மெர்ரியாக இருந்தால் அபராதம்!

போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. விரித்துக்கொள்ள ஒழுங்கான துணி இல்லை. இருப்பதெல்லாம் கந்தல். கொடுக்கிற சாப்பாடு அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. அதையும் எல்லாம் சாப்பிட்டுவிட முடியாது. வயசாகிவிட்டது, ஒத்துக்கொள்கிற பதார்த்தம் நாலைந்துதான். அவை கிடைக்காவிட்டால் உடம்பு கெட்டுவிடுகிறது. ஐயா, தயவு பண்ணிக் கொஞ்சம் கவனியுங்கள். பாவமன்னிப்பு கேட்க ஒரு பாதிரியாரையும், ஜெபம் பண்ண நாலு புத்தகங்களையும் அனுப்பிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

இது 1534-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி லண்டன் டவர் சிறையிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் சாரம். எழுதியவர் ஜான் ஃபிஷர். ராச்செஸ்டர் மறைமாவட்டத்தின் பிஷப். அறுபத்தைந்து வயது இருக்கும். யாருக்கு எழுதினார்? தாமஸ் க்ராம்வெல். மன்னர் எட்டாம் ஹென்றியின் வலது கை, இடது கை, சமயத்தில் மூளையும்கூட. பிஷப்பை உள்ளே தள்ளிய ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த ஆசாமியே அவர்தான்.

இத்தனை புலம்பலையும் எழுதிவிட்டு, கடிதத்தை முடிக்கும்போது பிஷப் என்ன செய்கிறார் தெரியுமா? ஆண்டவர் உங்களுக்கு ஒரு மெர்ரி கிறிஸ்துமஸைக் கொடுக்கட்டும் என்று வாழ்த்துகிறார்.

'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்ற வாழ்த்துக்கு நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. டிசம்பர் வந்தால் கடைக் கண்ணாடியில் தெர்மோகோல் எழுத்தில் ஒட்டுகிறார்களே, அதே இரண்டு வார்த்தைகள்தான்.

இங்கே இரண்டு கேள்விகள் இடிக்கின்றன. கந்தலுடன் குளிரில் நடுங்குகிற கிழவருக்கு, தன்னைச் சிறையில் வைத்திருப்பவரைப் பார்த்து 'ஜாலியா இரு' என்று வாழ்த்த எப்படி மனசு வந்தது? இது முதல் கேள்வி. இரண்டாவது கொஞ்சம் சில்லறைக் கேள்வி. ஹேப்பி பர்த்டே சொல்கிறோம். ஹேப்பி நியூ இயர் சொல்கிறோம். ஹேப்பி தீபாவளி, ஹேப்பி பொங்கல்கூட வந்தாயிற்று. யாராவது உங்களிடம் மெர்ரி தீபாவளி சொல்லியிருக்கிறார்களா? மெர்ரி பர்த்டே? ம்ஹூம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏன் இந்த ஸ்பெஷல் வார்த்தை?

இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் ஒரு கலவரம், ஒரு சட்டம், ஒரு அபராதம், ஒரு அச்சடித்த அட்டை எல்லாம் குறுக்கே வருகின்றன. ஒரு சின்ன வார்த்தை இத்தனை வம்பு பண்ணியிருக்குமா என்று தோன்றும். பண்ணியிருக்கிறது.

முதலில் வார்த்தையைப் பார்த்துவிடலாம்.

மெர்ரி பழைய ஆங்கிலத்திலிருந்து வருகிற சொல். அன்றைக்கு அதற்கு அர்த்தம் 'இதமான', 'இனிமையான'. அதற்கும் முந்தைய ஜெர்மானிய வேர்ச்சொல் வரைக்கும் தோண்டிப் பார்த்த மொழி ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு அழகான விஷயம் சொல்கிறார்கள். அந்த வேருக்கு அர்த்தம் 'குட்டையான', 'குறுகிய'. குட்டைக்கும் சந்தோஷத்துக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துப் பாருங்கள். பிடித்த ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால் நேரம் போனதே தெரியல என்கிறோம் இல்லையா? அதேதான். எது நேரத்தைச் சுருக்குகிறதோ அது மெர்ரி. நம் பொழுதுபோக்கு என்ற சொல்லை உருவாக்கியவரும், பெயர் தெரியாத அந்த ஜெர்மானியரும் சந்தித்திருந்தால் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, மெர்ரி என்றால் அந்தக் காலத்தில் சத்தமோ கூத்தோ அல்ல. நல்ல வெயில் அடித்தால் மெர்ரி. குயில் கூவினால் மெர்ரி. ஊர் பார்க்கச் செழிப்பாக இருந்தால் மெர்ரி. 'மெர்ரி இங்கிலாந்து' என்ற பழைய தொடருக்கு ஆரம்பத்தில் வளமான, இனிமையான தேசம் என்றுதான் பொருள். எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த தேசம் என்பது பின்னால் வந்த கற்பனை. ராபின் ஹூட்டின் கூட்டாளிகளை 'மெர்ரி மென்' என்பார்கள். அவர்கள் காட்டில் சதா சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு வீரனுக்கோ தலைவனுக்கோ பின்னால் நிற்கிற ஆட்களுக்கு அன்றைக்கு அதுதான் பெயர். நம் ஊர் பாணியில் சொன்னால் 'நம்ம பசங்க'.

'காட் ரெஸ்ட் யூ மெர்ரி, ஜென்டில்மென்' என்று ஒரு புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கிறது. பாதிப் பேர் அதை 'மெர்ரி ஜென்டில்மென்' என்று சேர்த்துப் படிக்கிறார்கள். ஏதோ குஷியான கனவான்கள் சிலரை ஓய்வெடுக்கச் சொல்வது போல. கமா வரவேண்டிய இடம் மெர்ரிக்குப் பிறகு. கனவான்களே, கடவுள் உங்களை மெர்ரியாக, அதாவது நிம்மதியாக வைத்திருக்கட்டும் என்பதுதான் விஷயம். ஒரு கமா தப்பினால் ஆசீர்வாதம் ஆர்டராக மாறிவிடுகிறது.

இன்னொரு உபரித் தகவல். கோழியின் நெஞ்சில் கவட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்குமே, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள், பெரிய துண்டு கிடைத்தவருக்கு நினைத்தது நடக்கும் என்பார்கள். அந்த எலும்புக்கு இங்கிலாந்தில் பழைய பெயர் 'மெர்ரிதாட்'. யாருக்கு முதலில் கல்யாணம் ஆகும் என்று பார்ப்பதற்காகவும் இழுப்பார்களாம். என்ன நினைத்துக்கொண்டு இழுத்திருப்பார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இப்போது பிஷப்புக்கு வருவோம். அவர் வாழ்த்தியது கொண்டாட்டத்தை அல்ல. இதமான, அமைதியான ஒரு கிறிஸ்துமஸை. தனக்குக் கிடைக்காத ஒன்றை. படிக்கிறபோது கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது.

மனிதர் செய்த குற்றம் என்ன? ராஜா முதல் மனைவி கேத்தரினைத் தள்ளிவைத்துவிட்டு ஆன் பொலினைக் கட்டிக்கொண்டார். ஆன் பெறும் பிள்ளைகளே வாரிசு என்று எல்லோரும் சத்தியம் பண்ணவேண்டும் என்று சட்டம். ஃபிஷர் முடியாது என்றார். 1535 மே மாதம் போப் அவரை கார்டினலாக உயர்த்தினார். கார்டினலுக்கு அடையாளம் சிவப்புத் தொப்பி. தொப்பி வந்து சேரட்டும், வைத்துக்கொள்ளத் தலை இருக்காது என்று ஹென்றி சொன்னதாகச் சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, செய்தார். 1535 ஜூன் 22-ம் தேதி ஃபிஷரின் தலை வெட்டப்பட்டு லண்டன் பாலத்தில் செருகி வைக்கப்பட்டது. வாழ்த்துப் பெற்ற தாமஸ் க்ராம்வெல்லுக்கு? அவர் தலையும் அதே டவர் ஹில்லில் 1540 ஜூலை 28-ம் தேதி போனது. அன்றைக்குத்தான் ஹென்றி தன் ஐந்தாவது கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டார்.

க்ராம்வெல் என்கிற இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதமான என்ற அர்த்தத்தில் சாதுவாக இருந்த மெர்ரிக்குள் மெல்ல மெல்ல சாராயம் இறங்கியது. அதற்குக் காரணம் கிறிஸ்துமஸேதான்.

அந்தக் கால இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் ஒரு நாள் விவகாரம் அல்ல. பன்னிரண்டு நாள். குளிர் காலம். நிலத்தில் வேலை கம்மி. அறுவடை தானியம் பத்தாயத்தில், புதிதாக வடித்த பீர் பீப்பாயில், கொன்ற மாடும் பன்றியும் சமையல்கட்டில். வருஷம் முழுக்க முதுகொடிய உழைத்தவனுக்கு வயிறு முட்டத் தின்னவும் குடிக்கவும் கிடைக்கிற ஒரே சமயம். ஏழைகள் கும்பலாகப் பாடிக்கொண்டு பணக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வீட்டுக்காரர் நல்ல பீரும் நல்ல பலகாரமும் கொடுக்கவேண்டும். பிச்சை மாதிரி இல்லை, உரிமை மாதிரி. மாளிகைகளில் ஒரு வேலைக்காரனையோ சாதாரண ஆளையோ பிடித்து 'லார்ட் ஆஃப் மிஸ்ரூல்' என்று பட்டம் கட்டுவார்கள். ஒழுங்கீனத்துக்கு ராஜா! அவர் சொன்னபடி முதலாளி ஆடவேண்டும். பன்னிரண்டு நாள் உலகம் தலைகீழ். பதின்மூன்றாம் நாள் எல்லோரும் பழையபடி குனிந்து வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

'மேக் மெர்ரி' என்றால் கூடிக் குடித்துக் கும்மாளமடிப்பது என்று ஆனது இப்படித்தான். ஒரு ஆளைப் பற்றி 'மெர்ரி'யாக இருக்கிறார் என்றால், லேசாக ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இந்த அர்த்தம் இங்கிலாந்தில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தள்ளாடுகிற அளவுக்குக் குடித்தால் அது வேறே வார்த்தை. மெர்ரி என்பது அதற்கு முந்தைய ஸ்டேஷன்.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் பியூரிட்டன்கள். ப்ராட்டஸ்டன்ட்களிலேயே கறார் பார்ட்டி. பைபிளில் இல்லாத எதுவும் சர்ச்சில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கட்சி. இயேசு டிசம்பர் 25-ம் தேதி பிறந்தார் என்று பைபிளில் எங்கே இருக்கிறது? இல்லை. கொண்டாடச் சொல்லி யார் சொன்னார்கள்? யாரும் இல்லை. போதாக்குறைக்கு கிறிஸ்துமஸ் என்ற பெயரிலேயே 'மாஸ்' இருக்கிறது. அது கத்தோலிக்கப் பூசை. அதனால் அவர்களில் பலர் கிறிஸ்துமஸ் என்றே சொல்லமாட்டார்கள், 'கிரைஸ்ட்-டைட்' என்பார்கள். ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற ஆசாமி 1583-ல் சமூகத்தின் கேடுகளைப் பட்டியல் போட்டு ஒரு புத்தகமே எழுதினார். வருஷம் பூராவும் நடக்கிற அக்கிரமத்தைவிட கிறிஸ்துமஸில் நடப்பது அதிகம் என்பது அவர் புகார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பியூரிட்டன்கள் சந்தோஷத்துக்கு விரோதிகள் அல்ல. இறைவனை நினைத்து உள்ளுக்குள் மகிழ்வதில் அவர்களுக்கு ஆட்சேபணையே இல்லை. அவர்கள் பாஷையில் சொன்னால் ஹேப்பிக்கு அனுமதி உண்டு. மெர்ரிக்குத்தான் கிடையாது. ஹேப்பி என்பது ஆளின் மனசுக்குள் இருக்கிற சமாசாரம். தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஹேப்பியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தனியாக மெர்ரியாக இருக்க முடியாது. அதற்கு நாலு பேர் வேண்டும், சத்தம் வேண்டும், தட்டில் ஏதாவது வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாள் லீவு வேண்டும்.

1640-களில் இங்கிலாந்தில் உள்நாட்டு யுத்தம். மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு பக்கம், பாராளுமன்றம் ஒரு பக்கம். பாராளுமன்றத்தில் பியூரிட்டன்களின் கை ஓங்கியது. அப்போது மாதத்தின் கடைசிப் புதன்கிழமை உபவாச நாள். 1644-ல் கிறிஸ்துமஸ் சரியாக அந்தப் புதன்கிழமையில் வந்து விழுந்தது. விருந்தா, விரதமா? விரதம்தான் என்றது பாராளுமன்றம். 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றையும் மொத்தமாக ரத்து செய்து சட்டமே போட்டுவிட்டார்கள். வேலைக்காரப் பையன்களும் தொழில் பழகுகிறவர்களும் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு இருந்த லீவே இந்தப் பண்டிகைகள்தானே? சரி, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை உங்களுக்கு விடுமுறை, வைத்துக்கொள்ளுங்கள் என்று பாராளுமன்றம் கொடுத்தது. கணக்குப் பார்த்தால் நியாயமான டீல்தான். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் போச்சு, பன்னிரண்டு நாள் வந்தாச்சு. வரவும் செலவும் டேலி. ஆனால் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு யார் பாட்டுப் பாடுவார்கள்?

அந்த டிசம்பரில் வெடித்தது.

கேன்டர்பரி. இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பீடம் இருக்கிற ஊர். டிசம்பர் 25 வழக்கமான வேலை நாள், சந்தை நடக்கும், கடைகள் திறக்கவேண்டும் என்று மேயர் உத்தரவு போட்டார். ஒரு டஜன் கடைக்காரர்கள் பயந்துகொண்டு திறந்தார்கள். கூட்டம் வந்தது. மூடச் சொன்னது. மூடமாட்டோம் என்றவர்களின் சரக்கு தெருவில் பறந்தது. தடுக்க வந்த மேயரைத் தள்ளிவிட்டதில் அவர் சேற்றில் விழுந்தார். எங்கிருந்தோ கால்பந்துகள் வந்தன. தெருவெல்லாம் ஆட்டம். வீட்டு வாசல்களில் ஹாலி இலைக்கொத்துகள் முளைத்தன, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். மெர்ரி என்ற சொல்லின் அகராதி அர்த்தம் மொத்தமும் அன்றைக்கு அந்த ஊர்த் தெருவில் இருந்தது. பின்னாளில் இதற்கு 'ப்ளம் புட்டிங் கலவரம்' என்று செல்லமாகப் பெயர் வைத்தார்கள்.

பெயர்தான் செல்லம். அடுத்து நடந்தது அப்படி இல்லை. படை வந்தது. நகரக் கதவுகளைக் கொளுத்தியது, மதிலில் ஒரு பகுதியை இடித்தது. பிடிபட்டவர்களை 1648 மே மாதம் விசாரிக்க உட்கார்ந்தார்கள். உள்ளூர் ஜூரிகள் வழக்குக்கு முகாந்திரமே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆத்திரமடைந்த அதிகாரிகள் விடாமல் நெருக்க, கென்ட் மாவட்டமே மனு எழுதிக் கையெழுத்து வாங்கியது. மனு போராட்டமாகி, போராட்டம் ஆயுதம் தூக்கியது. ஜூன் 1-ம் தேதி மெய்ட்ஸ்டோனில் பாராளுமன்றப் படை அதை நசுக்கியது. இரண்டாம் உள்நாட்டு யுத்தம் என்று சரித்திரப் புத்தகங்களில் வருகிறதே, அதில் இது ஒரு முக்கியமான அத்தியாயம். அந்த யுத்தத்தில் தோற்ற சார்லஸின் தலை 1649 ஜனவரி 30-ம் தேதி போனது. கிறிஸ்துமஸ் லீவால்தான் மன்னர் செத்தார் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் கென்ட் மாவட்டத்தில் ஜனங்களை வீட்டைவிட்டு வெளியே இழுத்த முதல் காரணம் அரியணை அல்ல, ஒரு நாள் விருந்து.

மன்னரை வீழ்த்திய தளபதி பெயர் உங்களுக்குத் தெரியும். ஆலிவர் க்ராம்வெல். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதே குடும்பம்தான். பிஷப்பிடமிருந்து மெர்ரி கிறிஸ்துமஸ் வாங்கிய தாமஸ் க்ராம்வெல்லின் அக்காள் கேத்தரின், ஆலிவருக்கு எள்ளுப்பாட்டி முறை. ஆலிவர்தான் கிறிஸ்துமஸைத் தடை பண்ணினார் என்று இங்கிலாந்தில் குழந்தைகூடச் சொல்லும். உண்மையில் தடை போட்டது பாராளுமன்றம். அவர் நாட்டின் தலைமைக்கு வந்தது 1653 டிசம்பரில். தடையை எடுக்கவில்லை என்பது மட்டும் நிஜம். கிறிஸ்துமஸ் அன்று மின்ஸ் பை தின்றால் குற்றம் என்று அவர் சட்டம் போட்டதாகவும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது.

ஆனால் துப்பாக்கி இருந்தது. 1657 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியில் ஒரு சர்ச். ஜான் ஈவ்லின் என்பவர் மனைவியோடு போயிருந்தார். தினசரி டைரி எழுதுகிற பழக்கம் அவருக்கு இருந்ததால் நமக்குத் தெரியவந்தது. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே சிப்பாய்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். நற்கருணை வாங்க ஒவ்வொருவராக முன்னால் போகிறார்கள், துப்பாக்கி முனைகள் அவர்களை நோக்கித் திரும்புகின்றன. சுடவில்லை. பிடித்துவைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள்.

இதே சமயம் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவில் என்ன நடந்தது?

அங்கே போய்க் குடியேறிய பியூரிட்டன்கள் இன்னும் ஒரு படி மேலே. 1621 கிறிஸ்துமஸ். ப்ளிமத் குடியிருப்பு. கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்ட் வழக்கம்போல எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாகக் கப்பலில் வந்தவர்கள் சிலர், இன்றைக்கு வேலை செய்ய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார்கள். மனச்சாட்சி என்றால் சரி, இருங்கள் என்று விட்டுவிட்டார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் மனச்சாட்சிக்காரர்கள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பந்தைப் பிடுங்கிக்கொண்டார். மற்றவர்கள் வேலை பார்க்கையில் நீங்கள் விளையாடுவது என் மனச்சாட்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். வேண்டுமானால் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்யுங்கள், தெருவில் கூத்து கூடாது. பாருங்கள், அதே ஹேப்பி - மெர்ரி தகராறு.

1659-ல் மாசசூசெட்ஸ் காலனி இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலோ, விருந்து வைத்தாலோ, வேறு எந்த விதமாகக் கொண்டாடினாலோ ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரைக்கும் இருந்தது இந்தச் சட்டம். எடுத்த பிறகும் ஜனங்களுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் சட்டப்படி விடுமுறை நாளானது 1856-ல்தான். ஸ்காட்லாந்து கதை இன்னும் மோசம். 1640-ல் ஒழித்தார்கள், மறுபடி பொது விடுமுறையாக அறிவிக்க 1958 ஆகிவிட்டது. அதற்குள் ஸ்காட்லாந்துக்காரர்கள் கும்மாளத்தை எல்லாம் புது வருஷத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 1660-ல் இளவரசர் நாடு திரும்பி இரண்டாம் சார்லஸ் மன்னரானார். தடைச் சட்டங்கள் குப்பைக்குப் போயின. நாடகம், நாட்டியம், காதலிகள் சகிதம் வாழ்ந்த அவருக்கு ஜனங்கள் வைத்த பட்டம் என்ன? 'மெர்ரி மோனார்க்.' அந்த வார்த்தையின் பழைய அர்த்தத்தில் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தடையால் சாகாத மெர்ரி, அடுத்த நூற்றாண்டுகளில் தொழிற்சாலையால் சாகப் பார்த்தது. நிலத்துக்குக் குளிர்கால ஓய்வு உண்டு. நீராவி இயந்திரத்துக்குக் கிடையாது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் 1834-க்கு முன்னால் புனிதர்கள் பெயரில் வருஷத்துக்குச் சுமார் 33 விடுமுறைகள் இருந்தன. 1834-ல் அது நாலு ஆனது. முப்பத்து மூன்று எங்கே, நாலு எங்கே! பியூரிட்டன்கள் பைபிளைக் காட்டிச் செய்ய முயன்றதை முதலாளிகள் பேரேட்டைக் காட்டிச் செய்து முடித்தார்கள். எந்த ஊரிலும் கலவரம் நடக்கவில்லை.

பிறகு 1843 டிசம்பர் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 19-ம் தேதி வெளியானது. ஆறாயிரம் பிரதிகள், ஐந்தே நாளில் காலி. கஞ்சன் ஸ்க்ரூஜ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன், தம்பி என்று யாருமற்ற அந்த மனுஷனைப் பார்க்க அக்கா - தங்கை வழியில் இருக்கிற ஒரே மருமகன் வந்து மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்கிறான். ஸ்க்ரூஜுக்குக் கோபம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் மேல் அல்ல, முதலில் மெர்ரி மேல். ஏழைப் பயல், உனக்கு மெர்ரியாக இருக்க என்ன உரிமை, என்ன காரணம் என்று கேட்கிறார். இருநூறு வருஷச் சண்டையை டிக்கன்ஸ் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் வேலை வாங்காமல் சம்பளம் கொடுப்பது பிக்பாக்கெட் அடிப்பதற்குச் சமம் என்பது ஸ்க்ரூஜின் இன்னொரு வாதம். காமர்ஸ் படித்தவனாகச் சொல்கிறேன், கணக்கில் தப்பே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கதையில் வரும் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்கு வாரம் பதினைந்து ஷில்லிங் சம்பளம். புத்தகத்தின் விலை ஐந்து ஷில்லிங். தன் குடும்பத்தைப் பற்றிய கதையை அவர் காசு கொடுத்து வாங்கவேண்டுமென்றால் இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

இரண்டாவது சம்பவம், ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி செய்தது. படு சுறுசுறுப்பான ஆள். 1840-ல் ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பும் திட்டம் வந்தபோது அதற்காக ஓடியாடி உழைத்தவர். விளைவு, கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் கடிதங்கள் குவிந்தன. எல்லோருக்கும் பதில் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கூப்பிட்டு ஒரு படம் வரையச் சொன்னார். அட்டையில் அச்சடித்தார். பெயரை எழுதி, கையெழுத்தைப் போட்டு அனுப்பவேண்டியதுதான். மிச்ச அட்டைகள் ஒரு ஷில்லிங் விலையில் கடைக்கு வந்தன. உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதில் அச்சாகியிருந்த வாசகம்தான் நம் கதைக்கு முக்கியம். 'எ மெர்ரி கிறிஸ்துமஸ் அண்ட் எ ஹேப்பி நியூ இயர் டு யூ.' ஒரே வரியில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மெர்ரி, புது வருஷத்துக்கு ஹேப்பி. அதற்கப்புறம் கோடிக்கணக்கில் அட்டைகள் அச்சாகின. அன்றாடப் பேச்சில் மெர்ரி ஒவ்வொரு இடமாகக் காலி பண்ணிக்கொண்டு போனது. வெயில் மெர்ரி இல்லை, ஊர் மெர்ரி இல்லை, பிறந்தநாள் மெர்ரி இல்லை. எல்லா இடத்திலும் ஹேப்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதிர்ஷ்டம் என்று பொருள்படும் 'ஹேப்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத நல்ல பிள்ளை. மெர்ரியால் அட்டையைவிட்டு வெளியே வர முடியவில்லை. அட்டையில் இருந்ததால்தான் பிழைத்தது என்றும் சொல்லலாம்.

அந்த முதல் அட்டைக்கும் எதிர்ப்பு கிளம்பியது, தெரியுமோ? படத்தின் இரண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுக்கும் காட்சிகள். நடுவில் ஒரு குடும்பமே மதுக்கோப்பையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு சின்னக் குழந்தையின் வாயிலும் கோப்பையை வைத்துக்கொடுக்கிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிடித்துக்கொண்டார்கள். மெர்ரி என்று எழுதிவிட்டுக் கையில் வேறென்ன கொடுப்பது என்று ஹார்ஸ்லி நினைத்திருக்கலாம்.

இந்தச் சாராய வாசனை பிடிக்காமலோ என்னவோ, பிரிட்டிஷ் மேல்தட்டுக்காரர்களுக்கு மெர்ரி மேல் கொஞ்சம் இளப்பம் உண்டு. 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரேடியோவில் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்தியபோது சொன்னது ஹேப்பி கிறிஸ்துமஸ். 1952 முதல் 2021 வரை கிறிஸ்துமஸ் உரைகள் நிகழ்த்திய இரண்டாம் எலிசபெத் ராணியும் பெரும்பாலும் ஹேப்பிதான்.

அமெரிக்காவில் வேறு கூத்து. 2005 வாக்கில் அங்கே பெரிய கடைகள் எல்லா மதத்துக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஹேப்பி ஹாலிடேஸ் என்று போர்டு வைக்க, கிறிஸ்துவப் பழமைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். டி.வி.யில் காரசார விவாதம். மெர்ரி கிறிஸ்துமஸ் என்று சொல்லாத கடையைப் புறக்கணிப்போம் என்றுகூடக் கிளம்பினார்கள். முன்னோர்களின் மரபைக் காப்பாற்றுகிறார்களாம். மாசசூசெட்ஸ் முன்னோர்கள் எழுந்து வந்திருந்தால் ஆளுக்கு ஐந்து ஷில்லிங் வசூல் பண்ணியிருப்பார்கள்.

லண்டனில் ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு மறுநாள் காலை யாராவது ஒரு சகாவைப் பற்றி, நேற்று ராத்திரி மனிதர் 'எ பிட் மெர்ரி' என்று கண்ணடித்தால் புரிந்துகொள்ளுங்கள். பிஷப் ஃபிஷர் சொன்ன அர்த்தத்தில் இல்லை. அபராதமும் கிடையாது, அவர் வண்டியை எடுக்காமல் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போயிருக்கும் பட்சத்தில்.